முட்டையிட முடியாமல் தவிக்கும் கோழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்கு மேற்கே, செக்கானூரணிப் பக்கத்தில் வீட்டுக் கொல்லையில் பதினான்கு ஆண்டுகளாகக் கோழி வளர்க்கிறேன். எப்போதும் பத்துப் பன்னிரண்டு உருப்படிக்குக் குறையாது. நான் கால்நடை மருத்துவம் படிக்கவில்லை. ஆனால் முட்டை உள்ளே சிக்கிக்கொள்ளும் இந்த ஒரு தொல்லையில் இரண்டு கோழிகளை இழந்திருக்கிறேன். அதில் ஒன்று என் கை செய்த தவறால் போனது. அதற்குப் பிறகு கேட்டும் பார்த்தும் கற்றுக்கொண்டு ஆறேழு கோழிகளைப் பிழைக்க வைத்திருக்கிறேன். உறவுக்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் போனில் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். இந்த நிமிடமே உங்கள் கோழி தவித்துக்கொண்டிருந்தால், மற்றதை விட்டுவிட்டு 'இரவு எட்டு மணி' என்று தொடங்கும் கேள்விக்குப் போய்விடுங்கள்.

முட்டை உள்ளே சிக்கியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோழி தன் வலியைக் காட்டிக்கொள்ளாது. தளர்ந்துபோன கோழியைக் கூட்டத்தில் உள்ள மற்றவை கொத்தி விரட்டும் என்பதால் முடிந்தவரை மறைத்துக்கொண்டே திரியும். நம் கண்ணுக்குத் தெரியும்போது தொல்லை தொடங்கிச் சில மணி நேரம் ஆகியிருக்கும்.

முதலில் நிற்கும் விதத்தைப் பாருங்கள். உடம்பை நிமிர்த்தி, வாலைத் தாழ்த்தி, கால்களை அகட்டிக்கொண்டு நிறைகுடம் சுமப்பதுபோல் நிற்கும். மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் அசையும். கூட்டுக்குள் போய் உட்கார்ந்து முக்கும், எழுந்து வரும், ஐந்து நிமிடத்தில் மறுபடி போகும். முட்டையிடப் போகும் கோழிக்கு உரிய கேறல் இருக்காது. இரை எடுக்காது. கொண்டை வெளுத்து ஒரு பக்கம் சாயும். எச்சம் வராது, அல்லது வெள்ளைத் தண்ணீராகச் சொட்டும்.

சில கோழிகள் ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும். உள்ளே நிற்கும் முட்டை இடுப்புக்குள் ஓடும் நரம்பை அழுத்துவதால் வருவது அது. நாய் கடித்ததோ, சுவரிலிருந்து விழுந்ததோ என்று நினைத்துக் காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் கோழியை இழந்தவர்களை எனக்குத் தெரியும். முட்டையிடும் பருவத்துப் பெட்டை திடீரென நொண்டினால் காலைப் பார்த்த கையோடு அடிவயிற்றையும் பாருங்கள்.

நேரமும் ஒரு தடயம். கோழிகள் பெரும்பாலும் விடிந்ததிலிருந்து நண்பகலுக்குள் முட்டையிட்டுவிடும். மாலையில் ஒரு கோழி கூட்டுக்கும் முற்றத்துக்குமாக அலைந்து முக்கிக்கொண்டிருந்தால் சும்மா விடாதீர்கள்.

இரண்டு நாளாக முட்டை இல்லை. கூடையை விட்டு எழவும் மாட்டேன் என்கிறது. இதுவும் அதுதானா?

பெரும்பாலும் அடைக்கு உட்கார்ந்திருக்கும். நாட்டுக்கோழி பத்திலிருந்து பதினைந்து முட்டை போட்டதும் அடைக்கு உட்காருவது இயல்பு. கையை அருகில் கொண்டுபோனால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். கண் தெளிவாக இருக்கும். நாளுக்கு ஒருமுறை இறங்கி, இரை எடுத்து, மொத்தமாக நாற்றமடிக்கும் பெரிய எச்சமாகப் போட்டுவிட்டுத் திரும்பப் போய் உட்காரும். முட்டை சிக்கிய கோழிக்குச் சிலிர்க்கவும் தெம்பு இருக்காது.

கோழி நன்றாக மேய்ந்துகொண்டு, முட்டை மட்டும் இல்லையென்றால் வைக்கோல் படப்பையும் பக்கத்து வீட்டு விறகு அடுக்கையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். இறகு உதிர்க்கும் பருவத்திலும் முட்டை நின்றுவிடும்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கோழிகள் சுருண்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால் அது வெள்ளைக்கழிச்சல் என்னும் தொற்றுநோயாக இருக்கலாம். அதற்கு வழி வேறு, உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். அடிவயிறு தண்ணீர்ப் பைபோலத் தொளதொளவென்று தொங்கினால் வயிற்றுக்குள் நீர் கோத்திருக்கலாம், அல்லது மஞ்சள் கரு முட்டை வரும் குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்து சீழ் பிடித்திருக்கலாம். இதையும் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது.

அப்பத்தா பஞ்சாரத்தைத் தூக்கும்போதே விரல் விட்டுப் பார்த்து, இன்றைக்கு முட்டை உண்டா என்று சொல்லிவிடுவார். நாங்களும் அப்படிப் பார்க்கலாமா?

என் அப்பத்தாவும் அப்படித்தான். முட்டை உள்ள கோழியைப் பஞ்சாரத்திலேயே விட்டுவிட்டு மற்றவற்றைத் திறந்துவிடுவார்; முட்டை அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்கும். அந்தக் கைப்பழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தினமும் கழுவாத விரலை விட்டுப் பார்ப்பது கிருமியை உள்ளே கொண்டுபோகும். குழாய் அழற்சி கண்டால் அதுவே நாளை முட்டை சிக்குவதற்குக் காரணமாகிவிடும்.

சந்தேகம் வந்த அன்றைக்கு மட்டும் பாருங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, முடிந்தால் கையுறை மாட்டி, சுண்டுவிரலில் தேங்காய் எண்ணெய் தடவி, எச்சவாயில் மெல்ல நேராகச் செலுத்தினால் இரண்டு அங்குலத்துக்குள் கெட்டியாக உருண்டையாகத் தட்டுப்படும். தட்டுப்பட்டதும் விரலை எடுத்துவிடுங்கள். தள்ளவோ உருட்டவோ கூடாது. விரல் விட மனம் வராதவர்கள் வெளியிலிருந்தே பார்க்கலாம்: எச்சவாய்க்குக் கீழே, இரண்டு கூர் எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையை வைத்தால் எலுமிச்சைபோல ஒரு திண்மை தெரியும். தோல்முட்டையாக இருந்தால் இது தெரியாது. ஓடு இல்லாத முட்டைதான் குழாய்க்கு இன்னும் சிரமம். தசை பிடித்துத் தள்ள ஒரு கெட்டியான பொருள் வேண்டும். நீர் நிரம்பிய பலூனைத் தள்ளுவதுபோல் அது வழுக்கிக்கொண்டே இருக்கும்.

இரவு எட்டு மணி. கோழி முக்கிக்கொண்டிருக்கிறது. மருத்துவர் கிடைக்கவில்லை. இப்போது என்ன செய்வது?

முதலில் குழந்தைகளையும் நாயையும் அந்த இடத்திலிருந்து விலக்குங்கள். சத்தமும் பயமும் கோழியின் தசையை இறுக்கும். இனிமேல் சொல்வதை எல்லாம் அவசரமில்லாத கையோடு செய்ய வேண்டும்.

கோழி தலையைத் தூக்கி, தானாக விழுங்கும் நிலையில் இருந்தால் முதல் வேலை கால்சியம் கொடுப்பது. முட்டையை வெளியே தள்ளுவது குழாயைச் சுற்றியுள்ள தசை. தசை சுருங்குவதற்குக் கால்சியம் வேண்டும். நம் ஊர்க் கோழிகளில் நான் பார்த்தவரை முட்டை பெரிதாகி அடைத்துக்கொண்டதைவிட, தள்ளத் தெம்பில்லாமல் நின்றுபோனதுதான் அதிகம். வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் 500 மில்லிகிராம் கால்சியம், வைட்டமின் டி3 மாத்திரை இருந்தால் ஒன்றரைக் கிலோ நாட்டுக்கோழிக்குப் பாதி மாத்திரையைப் பொடித்து, ஒரு கவளம் குழைந்த சோற்றிலோ கொஞ்சம் தயிரிலோ பிசைந்து கொடுங்கள். கோழிகளுக்கான திரவக் கால்சியம் தீவனக் கடையில் கிடைக்கும். அதை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் புட்டியில் போட்டிருக்கும் அளவில் தண்ணீரில் கலந்து குடிக்க வைக்கலாம். கழுத்தைத் தொங்கவிட்டு மயங்கிக் கிடக்கும் கோழியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கினால் அந்த நிமிடமே முடிந்துபோகும்.

அடுத்தது வெந்நீர். அகலமான ஒரு பேசினில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 38 முதல் 40 டிகிரி செல்சியஸ். கோழியின் உடல் வெப்பமே 41 டிகிரி அளவில் இருப்பதால் இந்தச் சூடு அதற்கு இதமாகத்தான் இருக்கும். முழங்கையை நனைத்துப் பார்த்துச் சுட்டால் பச்சைத் தண்ணீர் சேருங்கள். கோழியின் வயிறும் எச்சவாயும் மூழ்கும் அளவு நீர் போதும். இறக்கையை உடம்போடு சேர்த்து அணைத்து மெல்ல உட்கார வையுங்கள். முதலில் உதறும். ஒரு நிமிடம் பேசாமல் பிடித்திருந்தால் அடங்கிவிடும்; சில கோழிகள் கண்ணை மூடிக்கொள்ளும். அது நல்ல அறிகுறி, தசை தளர்கிறது. ஆனால் தலை தண்ணீரில் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறிப்போகாமல் இடையிடையே வெந்நீர் சேர்த்து, பதினைந்து இருபது நிமிடம் வைத்திருங்கள். பேதி உப்பு கலக்கச் சொல்வார்கள். வெறும் தண்ணீரே போதும் என்பது என் அனுபவம். கலந்தாலும் அந்த நீரைக் கோழி குடித்துவிடக் கூடாது.

பிறகு துண்டால் ஒற்றி எடுங்கள். மழைக்காலத்திலும் மார்கழியிலும் ஈரம் நன்றாகப் போக வேண்டும். எச்சவாயைச் சுற்றியும், விளிம்புக்குச் சற்று உள்ளேயும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். வைக்கோல் பரப்பி, பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே சாக்கைப் போட்டு இருட்டாக்குங்கள். அருகில் தண்ணீர் இருக்கட்டும். அப்புறம் ஒரு மணி நேரம் திரும்பிப் பார்க்காதீர்கள். இதுதான் எல்லோருக்கும் கடினமான பகுதி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சாக்கைத் தூக்கிப் பார்த்தால் வெந்நீரில் கிடைத்த தளர்வெல்லாம் வீணாகிவிடும். கோழிக்குத் தேவை இருட்டும் தனிமையும்.

ஒரு மணி நேரம் கழித்தும் இல்லையென்றால் மறுபடி வெந்நீர், மறுபடி இருட்டு. இரவுக்குள் இரண்டு மூன்று முறை செய்யலாம். என் புள்ளிக்கோழி மூன்றாவது முறைக்குப் பிறகு, விடியற்காலை நான்கரை மணிக்கு முட்டையிட்டது. போட்ட சத்தம் கேட்கவில்லை. எழுந்துபோய்ச் சாக்கை விலக்கியபோது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் வீட்டிலேயே பார்க்கலாம்?

அறிகுறி தெரிந்ததிலிருந்து ஓர் இரவு. விடிந்ததும் முட்டை இல்லையென்றால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். உள்ளே நிற்கும் முட்டை குடலையும் சிறுநீரகத்திலிருந்து வரும் வழியையும் சேர்த்து அடைக்கிறது. கழிவு வெளியேறாமல் உடம்பிலேயே தங்குகிறது. ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள்தான் கோழி தாங்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ரத்தம் கசிந்தாலோ, கால் இரண்டும் நிற்காமல் மடங்கினாலோ அந்த ஓர் இரவும் கிடையாது. தெரிந்த மருத்துவர் யாராக இருந்தாலும் உடனே எழுப்பிக் கேளுங்கள்.

வாயில் விளக்கெண்ணெய் ஊற்றினால் முட்டை வழுக்கிக்கொண்டு வந்துவிடுமாமே?

வராது. வாயில் ஊற்றும் எண்ணெய் இரைப்பைக்கும் குடலுக்கும் போகிறது. முட்டை இருப்பது வேறு குழாயில். இரண்டும் சேருவது கடைசியில், எச்சவாய்க்குச் சற்று முன்னால்தான். எண்ணெயால் பேதியாகி, ஏற்கெனவே தளர்ந்த கோழி நீரிழந்து இன்னும் தளர்ந்துபோகும். எண்ணெய் தடவ வேண்டிய இடம் பின்புறம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். எண்ணெய்க் கிண்ணத்தை அவர்கள் கையிலேயே கொடுத்து எச்சவாயைச் சுற்றித் தடவச் சொல்லுங்கள். மனமும் கோணாது, வேலையும் ஆகும்.

முட்டை பாதி வெளியே தெரிகிறது. உடைத்து எடுத்துவிடலாமா?

கூடாது. இதைச் சொல்லும்போதெல்லாம் என் செவலைக் கோழி நினைவுக்கு வருகிறது. முதல் முட்டைக்கு வந்த புதிய பெட்டை அது. சித்திரை மாதம். எச்சவாயில் வெள்ளையாக முட்டையின் முனை தெரிந்தது. இன்னும் கொஞ்சம்தானே என்று இரண்டு விரலால் பக்கத்தில் அழுத்தினேன். உள்ளேயே நொறுங்கியது. கரு வழிந்தது, ஓட்டுச் சில்லுகள் பாதி வந்தன, பாதி உள்ளே நின்றன. கோழி எழுந்து நடந்தது. பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டு, நான்காம் நாள் இறந்தது. ஓட்டுச் சில்லு கண்ணாடித் துண்டுக்கு நிகர். குழாயைக் கிழிக்கும், கிழிந்த இடத்தில், வழிந்த கருவில் கிருமி பெருகும்.

முனை தெரிந்தால் அதன்மேல் மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறதா என்று பாருங்கள். பல நேரங்களில் முட்டைக்கு வழி இருக்கும். சவ்வு காய்ந்து முட்டையோடு ஒட்டிக்கொண்டிருப்பதுதான் தடை. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, வெதுவெதுப்பாகச் சொட்டுச் சொட்டாக விட்டு ஈரமாக வைத்திருங்கள். எண்ணெய் தடவுங்கள். கோழி முக்கும்போது மட்டும், வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையால் தாங்கிப் பிடியுங்கள். தாங்குவது வேறு, அழுத்துவது வேறு. ஓடு உடையாமல் முழுதாக வர வேண்டும் என்பதையே நினைத்துக்கொண்டிருங்கள்.

தற்செயலாக உள்ளே உடைந்துபோயிருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில்லுகளை எடுத்துவிட்டு நோய்க்கிருமிக்கு மருந்து கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது.

மருத்துவர் என்ன செய்வார்? மதுரைப் பக்கம் எங்கே போவது?

கால்சியத்தை ஊசியாகப் போடுவார். வாய்வழி கொடுப்பதைவிட விரைவாக வேலை செய்யும். நீரிழந்திருந்தால் தோலுக்கடியில் திரவம் ஏற்றுவார். முட்டை எச்சவாய்க்கு அருகில் தெரிந்தால் ஊசியால் உள்ளே இருப்பதை உறிஞ்சியெடுத்து, சுருங்கிய ஓட்டைப் பக்குவமாக வெளியே கொண்டுவருவார். நாம் உடைப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. சில கோழிகளுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பால் கறக்க மாட்டுக்குப் போடும் ஆக்ஸிடோசின் ஊசியைக் கோழிக்குப் போட்டால் முட்டை வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். மருத்துவர் சில வேளைகளில் அதைப் பயன்படுத்துவதுண்டு. வழி திறந்திருக்கிறதா, முட்டை குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடுவார். வழி அடைத்திருக்கும்போது தசையை வலிந்து சுருங்க வைத்தால் குழாய் கிழிந்துவிடும். நீங்களாகப் போடாதீர்கள்.

பெரும்பாலான ஊர்களுக்கு எட்டும் தூரத்தில் அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கான இலவச எண் 1962. மருந்தகத்துக்கு விடிந்ததும் முதல் ஆளாகப் போய்விடுங்கள்; மாடும் ஆடும் வரிசையில் சேர்ந்துவிட்டால் கோழிக்கு முறை வர மதியமாகிவிடும். கோழியைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோகாதீர்கள். காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எப்போது கடைசியாக முட்டையிட்டது, எப்போதிலிருந்து முக்குகிறது, என்ன கொடுத்தீர்கள் என்பதைத் துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மருந்தகத்தில் 'கோழிக்கெல்லாம் ஊசியா' என்று கேட்டு என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு அழுதுகொண்டே பஸ் ஏறினேன். அடுத்த ஊர் மருந்தகத்தில் இளம் மருத்துவர் ஒருவர் அரை மணி நேரம் செலவழித்து அந்தக் கோழியைக் காப்பாற்றிக் கொடுத்தார். ஓரிடத்தில் மறுத்தால் அடுத்த இடத்துக்குப் போங்கள்.

முட்டை வந்துவிட்டது. ஆனால் பின்னால் சிவப்பாகச் சதை தொங்குகிறதே?

குழாயின் கடைசிப் பகுதி வெளியே தள்ளியிருக்கிறது. கோழி முட்டையிடும்போது அந்தப் பகுதி ஒரு கணம் வெளியே புரண்டு, முட்டையை எச்சம் படாமல் விட்டுவிட்டு உள்ளே போகும். அதிக நேரம் முக்கித் தவித்த கோழிக்கு அது திரும்பப் போகாமல் நின்றுவிடுகிறது. உடனே மற்ற கோழிகளிடமிருந்து பிரியுங்கள். சிவப்பைக் கண்டால் கொத்தும், குடலையே உருவிவிடும்.

முன்சொன்ன உப்பு நீரால் கழுவி மண்ணையும் வைக்கோலையும் நீக்குங்கள். வீங்கியிருந்தால் சர்க்கரையைக் கொஞ்சம் நீரில் குழைத்துப் பூசிப் பத்து நிமிடம் விட்டால் நீரை இழுத்து வீக்கம் குறையும். மறுபடி கழுவி, எண்ணெய் தடவிய விரலால் நடுவிலிருந்து மெல்ல உள்ளே தள்ளுங்கள். திரும்பத் திரும்ப வெளியே வந்தால் தையல் தேவை. உள்ளே நின்றுவிட்டால் நான்கைந்து நாள் இருட்டான இடத்தில் வைத்து அடுத்த முட்டையைத் தள்ளிப்போடுங்கள். சதை கறுத்திருந்தால் வீட்டில் எதுவும் செய்யாமல் மருத்துவரிடம் போங்கள்.

ஏன் இப்படி ஆகிறது? வீட்டுச் சோறும் அரிசியும் குறையில்லாமல் போடுகிறோமே?

அங்கேதான் குறை. ஒரு கணக்குச் சொல்கிறேன். நாட்டுக்கோழி முட்டை ஏறக்குறைய 40 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு, நான்கு கிராம், ஓடு. அந்த ஓட்டில் கால்சியம் மட்டும் ஒன்றரைக் கிராம் இருக்கும். கோழி ஒரு நாள் தின்பது 100 கிராம் என்று வைத்துக்கொண்டு, அதை முழுக்க அரிசிக் குருணையாகப் போட்டால் கிடைக்கும் கால்சியம் வெறும் 10 மில்லிகிராம் அளவு. வேண்டிய ஒன்றரைக் கிராம் என்பது 1,500 மில்லிகிராம். மீதியை எங்கிருந்து எடுக்கும்? தன் எலும்பிலிருந்து எடுக்கும். எலும்பும் வறண்டுபோனால் தோல்முட்டை போடும். முக்கும் தசைக்கும் ஒன்றும் மிஞ்சாது.

அந்தக் காலத்துக் கோழி காடு மேடெல்லாம் மேய்ந்தது. நத்தை, கறையான், கீரை, சுண்ணாம்புக் கல் என்று தனக்கு வேண்டியதைக் கிளறி எடுத்துக்கொண்டது. இன்றைக்கு நான்கு சுவருக்குள்ளும் மொட்டைமாடியிலும் வளரும் கோழிக்கு நாம் வைப்பதுதான் உலகம். நாம் வாங்கும் கோழியும் மாறிவிட்டது. காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி வகை இடுவது அதைவிட அதிகம். கிராமப்ரியா போன்ற கலப்பின வகைகள் இன்னும் கூடுதலாக இடும். நாமக்கல் பண்ணைக் கோழி ஆண்டுக்கு முந்நூறைத் தொடுகிறது. முட்டை கூடக் கூட ஓட்டுக்கான தேவையும் கூடும். பழைய பண்ணைக் கோழியைத் தெருவில் விற்பவரிடம் வாங்கி வந்து சோறு மட்டும் போட்டு வளர்ப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஆகவே கம்பு, கேழ்வரகு, சோளம் கலந்து போடுங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவு கால்சியம் உண்டு. முருங்கைக்கீரையை உருவிப் போடுங்கள். அவற்றாலும் முழுத் தேவை நிறைவேறாது என்பதால் கிளிஞ்சல் தூளைத் தனியாக ஒரு சிரட்டையில் வைத்துவிடுங்கள். தீவனத்தோடு கலக்க வேண்டாம்; முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும், குஞ்சும் சேவலும் அதிகம் தொடாது. முட்டை ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. மாலையில் சிரட்டையில் கிளிஞ்சல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூட்டை அடையுங்கள். காலை வெயிலும் வேண்டும். வெயில் படாத கோழிக்கு வைட்டமின் டி குறைந்து, தின்ற கால்சியம் உடம்பில் சேராது.

வேறு காரணங்களும் உண்டு. இரட்டைக் கரு முட்டை, உடல் முழுதும் பருவமடையுமுன் முட்டைக்கு வரும் பெட்டை, வயதான கோழி, சோறும் மிச்ச பலகாரமும் தின்று அடிவயிற்றில் கொழுப்புக் கட்டிய கோழி, குழாயில் அழற்சி. ஆனால் நீங்கள் நாளைக்கே மாற்றக்கூடியது தீவனம்.

வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வைக்கலாமா? முட்டை ஓட்டைப் போடலாமா?

வெற்றிலைச் சுண்ணாம்பு காரமானது, வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். வேண்டாம். முட்டை ஓடு மிக நல்லது. கழுவி, இரும்புச் சட்டியில் வறுத்து, ஓட்டின் வடிவம் தெரியாதபடி நொறுக்கிப் போடுங்கள். முட்டை வடிவம் தெரிந்தால் பிறகு தன் முட்டையையே கொத்தித் தின்னப் பழகிவிடும்.

சித்திரையிலும் வைகாசியிலும்தான் அதிகம் பார்க்கிறோம். வெயிலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். விடாமல் இரைக்கும்போது ரத்தத்தில் உள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, ஓட்டுக்குப் பயன்படும் கால்சியம் குறைந்துபோகிறது. போதாக்குறைக்கு வெயிலில் இரையும் எடுக்காது. அக்னி நட்சத்திர நாட்களில் மதுரையில் 40 டிகிரி சாதாரணம். கூண்டின் மேல் தென்னங்கீற்றுப் போட்டு ஈரச்சாக்கு விரியுங்கள். மண்சட்டியில் நாளுக்கு மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் வையுங்கள்.

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில், தவிக்கும் கோழிக்கு விளக்குப் போட்டுச் சூடேற்றச் சொல்லியிருப்பார்கள். பனி பெய்யும் ஊருக்கு அது சரி. இங்கே மே மாதத்தில் பல்பு போட்டால் கோழி வெந்துபோகும். வெந்நீர்க் குளியலையும் அந்த மாதங்களில் அதிகாலையிலோ இரவிலோ வைத்துக்கொண்டு, மதியம் நிழலும் காற்றும் கொடுங்கள்.

பிழைத்த கோழிக்கு மறுபடி வருமா?

தீவனக் குறையால் வந்ததென்றால், குறையைத் தீர்த்த பிறகு வராமலே போகலாம். என் புள்ளிக்கோழி அதற்குப் பிறகு இரண்டு முறை அடை உட்கார்ந்து குஞ்சு பொரித்தது. குழாயில் தழும்போ அழற்சியோ இருந்தால் திரும்ப வரும். அடுத்த மூன்று முட்டைகள் வரை தினமும் மாலையில் கையில் எடுத்து அடிவயிற்றைத் தடவிப் பாருங்கள்.

அந்த முட்டையைச் சாப்பிடலாமா? பிழைக்காது என்று தோன்றினால் அறுத்துவிடலாமா?

மருந்து எதுவும் கொடுக்காமல், முழு ஓட்டோடு வந்த முட்டையை வேகவைத்துச் சாப்பிடலாம். ஊசி போட்டிருந்தால் எத்தனை நாளைக்கு முட்டையை ஒதுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அறுப்பதைப் பற்றி: இரண்டு நாளாகத் தவித்து, காய்ச்சல் கண்டு, மருந்து ஏற்றிய கோழியின் கறியைச் சாப்பிடாதீர்கள். மருத்துவர் கைவிரித்து, கோழி மூச்சுக்குத் தவிக்கும்போது அதன் வேதனையை விரைவாக முடிப்பதை நான் தவறாகச் சொல்ல மாட்டேன். ஆனால் தவிக்கத் தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே, வீணாகிவிடுமே என்று கத்தியை எடுக்கும் வழக்கம் எனக்குத் தாங்க முடியவில்லை. ஒரு பேசின் வெந்நீரும் அரை மாத்திரையும் ஓர் இரவும் கொடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் முட்டை கொடுத்த உயிர் அது.

சேவல் இல்லாததால்தான் முட்டை சிக்குகிறது என்கிறார்களே?

தொடர்பில்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். சேவல் வேண்டியது குஞ்சுக்கு. சொல்லப்போனால், தேறிவரும் கோழியைச் சேவல் மிதிக்காமல் ஒரு வாரம் தனியே வைத்திருப்பதே நல்லது.